தொழுகைக் கூடத்தில் ஓர் உடும்பு

ரப்பி “உடும்பு” என்று சொன்னபோது பல் டாக்டர் தாயுமானவன் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த கஞ்சிராவின் தோலை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. சரியாகத்தான் காதில் விழுந்ததா? ரப்பி பேசியது ஆங்கிலம். ஆனால் சிங்கப்பூரில் குடியிருப்பவனுக்கு உடும்பின் ஆங்கிலப் பெயர் தெரியாமல் போக வழியில்லை. கால்வாய் ஓரங்களில் அதன் படத்தைப் போட்டு, தொடாதே, துரத்தாதே, தீனி போடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். நகரம் முழுக்கக் கலை வாரம் நடந்துகொண்டிருந்தது. யூத சமூகத்தாரும் தங்கள் தொழுகைக் கூடத்தை ஒட்டிய மண்டபத்தை அந்த ஞாயிறு பிற்பகல் ஊருக்கே திறந்துவிட்டு, பாட்டும் பலகாரமும் உண்டு, வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். வாசலில் ஒரு அம்மாளின் கையிலிருந்த இறால் வடைப் பொட்டலத்தை வாங்கி வெளியே வைக்கும்படி ஆயிற்று. அந்த அம்மாளின் மனம் கோணக்கூடாதே என்று, வெளிச் சாப்பாடு ஏன் உள்ளே வரக்கூடாது என்பதைத் தொழுகைக் கூடத்தின் குருவான ரப்பியே மேடையேறி விளக்க ஆரம்பித்தார். பன்றி ஆகாது, இறால் ஆகாது, நண்டு ஆகாது. நண்டு என்றதும் கூட்டத்தில் பலர் அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் தரையில் ஊர்வன. எலி, பல்லி, உடும்பு, எல்லாம் வேதத்தில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டவை. “ஆகவே யாராவது பையில் உடும்பு வைத்திருந்தால் தயவுசெய்து வெளியே வைத்துவிடுங்கள்” என்றார் ரப்பி. மண்டபம் கொல்லென்று சிரித்தது. தாயுமானவனும் சிரித்தார். சிரித்தபடியே கஞ்சிராவைக் கவிழ்த்து வைத்தார்.

கவிழ்த்து வைத்தால் மட்டும் உடும்பு ஆடாகிவிடுமா? கஞ்சிராவை இப்போதெல்லாம் ஆட்டுத்தோலில்தான் செய்கிறார்கள், உடும்பைத் தொட்டால் சட்டம் பாயும். ஆனால் இது அந்தச் சட்டத்துக்கு முந்தைய உடும்பு என்று, இதை அவருக்குக் கொடுத்த சித்தப்பா கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார். சட்டத்துக்கு முந்தையது சரி, வேதத்துக்கு முந்தையதா? வேதம் கொண்டுவந்த மோசேக்கு முன்னால் செத்த உடும்பு என்று சித்தப்பாவே வந்து சொன்னாலும் எடுபடாது. ஆட்டுத்தோல் கஞ்சிரா ஒன்று வீட்டு அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது, காலையில் கை அதன்மேல் போனதுதானே, இல்லை, இதன் நாதம் வராது, கூடப் பாடப்போகிற எஸ்ரா முன்னால் நல்ல நாதம் வேண்டும் என்று அதை வைத்துவிட்டு இதை எடுத்தது இந்தக் கைதானே. நாதமாம் நாதம். ரப்பி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மேல் வரிசைப் பற்கள் நன்றாக இருந்தன. கீழே முன்பற்கள் இரண்டு கொஞ்சம் முண்டியடித்துக்கொண்டு நின்றன. இந்த வேளையிலுமா என்று தாயுமானவன் தன்னையே கடிந்துகொண்டார். என்ன செய்ய, இருபத்தைந்து வருஷப் பழக்கம், யார் வாயைத் திறந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. நல்லவர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கோபிக்க மாட்டார். கோபித்தால்கூடப் பரவாயில்லையே. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால்? அதுதான் பயம். கல்யாணமான புதிதில் மானாமதுரைப் பக்கம் மாமனார் ஊரில் குலசாமி கோயிலுக்குள் செருப்புக் காலோடு நடந்துபோனாரே, அன்றைக்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த கரண்டிகள் எல்லாம் நின்றன. வேட்டி கட்டிய ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். கட்டிப் போட்டிருந்த கிடா மட்டும் அவர் காலையே பார்த்தது. அந்த மௌனம் இன்றைக்கும் சில நாள் பாதித் தூக்கத்தில் வந்து அவரை எழுப்பிவிடும். அதை இன்னொரு தரம், இன்னொரு சாமியின் வீட்டில், மைக் முன்னால் தாங்க முடியாது.

இதற்கெல்லாம் காரணம் எஸ்ராவின் கடைவாய்ப் பல். எஸ்ரா அவருடைய நோயாளி. தாத்தா காலத்தில் பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாக வந்து சேர்ந்த குடும்பம். சின்ன வயதில் மிடில் ரோட்டில் தமிழ்ப் பையன்களோடு பந்தாடியவர், அதனால் சரி, போதும், தண்ணி, வலிக்குது என்று நாலு தமிழ்ச் சொல் வைத்திருந்தார். நாலும் பல் டாக்டரிடம் செல்லுபடியாகிற சொற்கள். வயிறு பெருத்த, கழுத்து பின்னால் மடிந்த ‘ஊத்’ என்ற வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடுவார். ஒருநாள் அவர் வாயைப் பிளந்து வைத்து வேர்ச் சிகிச்சை செய்துகொண்டே தாயுமானவன் வழக்கம்போலத் தன் கஞ்சிரா மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். வாய் பிளந்து கிடப்பவர்களிடம் மட்டும்தான் அவர் அதைப் பேசுவார். அவர்களால் எப்போது கச்சேரி செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்க முடியாது. மேடை ஏறியதே இல்லை என்பதை யாரிடமும் சொல்லவேண்டி வந்ததும் இல்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, உறிஞ்சுகுழாயை ஓடவிட்டு, அதன் இரைச்சலைச் சுருதியாக வைத்து வாசிப்பதுதான் அவருடைய கச்சேரி. எஸ்ரா “ஆ, ஆ” என்றார். வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார் தாயுமானவன். மறுவாரம் மரத்துப்போன உதடு சரியானதும் எஸ்ரா வந்து உட்கார்ந்து, “டாக்டர், கலை வாரத்தில் நீங்கள் என்னோடு வாசிக்கிறீர்கள். எங்கள் மண்டபத்தில். நான் பெயர் கொடுத்துவிட்டேன்” என்றார். இந்தத் தடவை வாயைப் பிளந்தது டாக்டர். மறுத்திருக்கலாம். மறுக்க நினைத்தார். ஆனால் ஒத்திகையின்போது எஸ்ரா ஒரு பாட்டை எடுத்து, அது ஏதோ தெரிந்த ராகம் மாதிரி வந்து, தெரிந்தது என்று நினைக்கும்போதே வேறெங்கோ திரும்பி, இவருடைய விரல் இவரைக் கேட்காமலே தொடையில் தட்ட ஆரம்பித்தபோது, எஸ்ரா கண்ணை மூடிக்கொண்டு “சரி, சரி” என்றாரே, அந்தச் சரியை இனிமேல் யார் தருவார்கள்? இன்றைக்கு இது தெரிந்தால் எஸ்ராவுக்குத்தானே தலைகுனிவு, இவரை உள்ளே கூட்டிவந்தவர் அவர்தானே.

ரப்பி இறங்கினார். கைதட்டல். சொல்வதானால் இதுதான் சமயம் என்று தாயுமானவன் எழுந்திருக்கப் பார்த்தார். தலையில் வாசலில் கொடுத்த சின்னக் குல்லா வழுக்கையில் நழுவிப் பின்கழுத்துக்குப் போயிற்று. அதைப் பிடிக்கப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் இருந்த மனைவி காளீஸ்வரி, தலையைத் தொடாதீங்க என்று கண்ணால் அதட்டினாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவள். கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் அந்தப் பார்வை. அதற்குள் கலை வாரத்தின் சார்பில் மிஸ் ஓங் என்ற இளம் பெண் மைக்கைப் பிடித்துவிட்டாள். வெளி, உடல், உரையாடல், எல்லைகளைக் கடத்தல் என்று பேசினாள். எல்லைகளைக் கடத்தல் என்று அவள் ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் தாயுமானவன் மனத்தில் ஓர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டிச் சாலையைக் கடந்தது. கிளினிக்குக்குப் பின்னால் கால்வாயில் ஒன்று இருக்கிறது, சாப்பாட்டு வேளையில் கரையேறி வெயில் காயும், கஞ்சிராவைத் தொட்ட கையோடு அவர் அதன் கண்ணை நேராகப் பார்த்ததே கிடையாது. சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் கச்சேரி நின்றுவிடும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமல் ஒருவர் வீட்டில் அவருக்கு ஆகாததை வைத்துவிட்டு, அவர் கொடுக்கும் பலகாரத்தையும் தின்றுவிட்டு வருவதா? ஆடு என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கவில்லையே, கேட்காமலே எதற்கு ஆடு என்று சொல்வது, சந்தேகம்தான் வரும். விட்டுத் தொலையலாம் என்றால் நினைப்பு உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது. உடும்புப் பிடி! சொல்லுக்குக்கூட வேறு பிராணி கிடைக்கவில்லை. குளிர்சாதனக் காற்று வேறு நேராக மேடையில் அடித்தது. குளிரில் தோல் விறைத்துச் சுருதி ஏறிவிடும், உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். பாட்டிலை எடுத்துத் தெளித்தார். மிஸ் ஓங் ‘உரையாடல்’ என்றாள், தெளித்தார். ரப்பி முன்வரிசையிலிருந்து இவரைப் பார்த்துப் புன்னகைத்தார், தெளித்தார். காளீஸ்வரி புருவத்தை உயர்த்தினாள். எதற்கு என்று புரியாமல் அதற்கும் ஒரு கை தெளித்தார். பக்கத்தில் ஊத்துக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்த எஸ்ரா, இது ஏதோ இந்துச் சடங்கு போலிருக்கிறது என்று மரியாதையாகத் தலைகுனிந்தார்.

மிஸ் ஓங் பேசி முடித்ததும், எஸ்ரா தொண்டையைக் கனைத்து, “இது எங்கள் வீட்டில் பண்டிகைகளில் பாடுவது. டாக்டர் என்னோடு வாசிக்கிறார். என் பல்லையும் இவர்தான் காப்பாற்றினார்” என்றார். சிரிப்பு. ஊத் தனியாகப் புறப்பட்டது. வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு நாதம் அதற்கு. கொஞ்ச தூரம் போய், ஒரு வளைவில் நின்று, எஸ்ரா இவர் பக்கம் திரும்பித் தலையசைத்தார். தாயுமானவன் கஞ்சிராவைத் தூக்கிப் பிடித்து அடித்தார்.

தொப்.

இட்லி மாவில் கை விழுந்த மாதிரி இருந்தது. மறுபடியும் அடித்தார். தொப். தெளித்த தண்ணீரெல்லாம் ஊறித் தோல் துவண்டு தொங்கியது. ஓரத்துச் சலங்கை மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கலகலவென்றது. முன்வரிசையில் எஸ்ராவின் அக்கா ஃபர்ஹா உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் ஆன்ட்டி ஃபர்ஹா. வயது தொண்ணூறை நெருங்குகிறது, காது மந்தம், அதனால் உலகமே மந்தம் என்று எண்ணி உரக்கப் பேசுபவர். “எஸ்ரா! யாரோ கதவைத் தட்டுகிறார்கள் பார்!” என்றார். மண்டபத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தாயுமானவனுக்குக் காது சூடேறியது. இது தண்டனைதான், வேறென்ன, உடும்பு காட்டிக் கொடுக்கிறது, இடம் பொருள் தெரிந்த உடும்பு. இன்னொரு அடி அடித்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அடிப்பதற்குப் பதிலாக மைக்கை இழுத்தார். இழுத்தது தன் கைதான் என்று அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

“மன்னிக்க வேண்டும். இது உடும்புத் தோல்” என்றார்.

ஊத் நின்றது. வந்துவிட்டது, அதே மௌனம், மானாமதுரையிலிருந்து கடல் கடந்து வந்துவிட்டது. கிடா மட்டும்தான் இல்லை. ரப்பி எழுந்தார். மெதுவாக மேடைக்கு வந்து குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கஞ்சிராவைப் பார்த்தார்.

“உயிரோடு இல்லையே?” என்றார்.

“இல்லை.”

“சமைக்கிற உத்தேசம் உண்டா?”

“ஐயோ, இல்லை!”

“அப்புறம் என்ன, டாக்டர்? தடை வாய்க்குத்தான். காதுக்கு இல்லை.”

மண்டபம் வெடித்தது. எஸ்ரா ஊத்தின் மேலேயே கவிழ்ந்து சிரித்தார். காளீஸ்வரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, இனிமேல் உங்களோடு வெளியே வரமாட்டேன் என்கிறாளா என்று தெரியவில்லை. வாய்க்குத்தான், காதுக்கு இல்லை. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நேரம் உயிர் போயிற்று? உள்ளே இருந்த பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது, இவ்வளவு பெரிய பயத்துக்கு இன்னும் கொஞ்சம் கௌரவமான முடிவு கிடைத்திருக்கலாம் என்று. ஆனால் பயம் தீர்ந்தாலும் ஈரம் தீரவில்லையே. தட்டிக் காட்டினார். தொப்.

“சூடு காட்டுங்களேன்!” என்று கத்தினார் ஆன்ட்டி ஃபர்ஹா, இப்போது எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்டவராக. “சமையலறையில் பெரிய மின்சாரச் சூட்டுத்தட்டு கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, பலகாரத்தை அதில்தான் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இதையும் வையுங்கள், நிமிஷத்தில் காயும்.”

அதுவரைக்கும் நிதானத்தின் உருவமாக நின்ற ரப்பி, “வேண்டாம்! சமையலறைக்கு வேண்டாம்!” என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சமையலறைக் கதவை மறித்து நின்றார். தாயுமானவனும் அதே வேகத்தில் கஞ்சிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடினார். ஓடின திசையில் முற்றத்துக் கதவு இருந்தது. வெளியே சிங்கப்பூர் வெயில், யாருக்கும் எந்த விலக்கும் இல்லாமல் தகதகவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே ரப்பி வந்தார். “கொடுங்கள், நான் உயரம்” என்று கஞ்சிராவை வாங்கி, கையை நீட்டி வெயிலுக்குக் காட்டினார். இன்னொரு கையால் கலை வாரத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து விசிறினார். தொடவே கூடாது என்று தாயுமானவன் எந்தக் கைக்காகப் பயந்தாரோ அந்தக் கை அதை அப்பளம் காயவைப்பதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டியது. உள்ளே இருந்தவர்கள் என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஆன்ட்டி ஃபர்ஹாவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். இறால் வடை அம்மாள் வாசலோரம் இருந்த தன் பொட்டலம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மிஸ் ஓங் இதெல்லாம் நிகழ்ச்சியின் பகுதி என்றே முடிவுகட்டி, வெயில், தோல், கரம் என்று முணுமுணுத்தபடி படமாக எடுத்துத் தள்ளினாள். எஸ்ரா ஊத்தோடு வந்து மரநிழலில் படியில் உட்கார்ந்தார். “உள்ளே காற்று என் விரலையும் விறைக்க வைத்துவிட்டது. இங்கேயே இருப்போமே” என்றார். ரப்பி சுண்டுவிரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார். டிங் என்றது. அவர் முகத்தில், முதல் தடவை விளக்கு எரியவிட்ட பொடியனின் சந்தோஷம். இன்னொரு தரம் சுண்டினார். பிறகு மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

எஸ்ரா பாடினார். சொல் எபிரேயம், மெட்டு அரபு நாட்டு வாடை. பகல் வெயிலில் அது இன்னும் பழுத்து வந்தது. தாயுமானவன் முதலில் எண்ணினார். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே, எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே, யோசிப்பதால்தான் தப்பப் போகிறது என்று பயந்துகொண்டே வாசித்தார். மரத்தின்மேல் ஒரு மைனா கத்தியது. தெருவில் பஸ் ஒன்று மூச்சுவிட்டு நின்றது. எஸ்ராவின் கால் கட்டைவிரல் செருப்புக்கு வெளியே எட்டிப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் போதுமே, எண்ணுவானேன் என்று தோன்றியது. கட்டைவிரல் ஏறினால் இவர் கை ஏறியது, இறங்கினால் இறங்கியது. முதல் பாட்டு முடிந்ததும் எஸ்ரா நிறுத்தவில்லை. ஒத்திகையில் இல்லாத இன்னொன்றுக்குள் நேராக நுழைந்துவிட்டார். முன்பின் தெரியாத பாட்டு, நொண்டி நொண்டி நடக்கிற தாளம், எங்கே கால் வைக்கும் என்று சொல்ல முடியாது. நியாயமாகப் பார்த்தால் இப்போதுதான் தாயுமானவன் உண்மையிலேயே பயந்திருக்க வேண்டும். பயப்படலாம் என்று ஞாபகம் வந்தபோது பாதிப் பாட்டு போய்விட்டிருந்தது. தலையில் ஒன்றும் ஓடவில்லை. சித்தப்பா இல்லை, மானாமதுரை இல்லை, யார் பல்லும் கண்ணில் படவில்லை. கை மட்டும் அதன்பாட்டுக்கு அந்த நொண்டித் தாளத்தோடு தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தது. எஸ்ரா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம்தான் ஆன்ட்டி ஃபர்ஹா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி லுலுலுலுலு என்று ஓர் ஒலி எழுப்பினார். கல்யாணத்திலும் பண்டிகையிலும் அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுப்புவது. அந்த மெலிந்த உடம்புக்குள்ளிருந்து அப்படியொரு ஒலி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், மைனா பறந்தது. முற்றம் ஒரு நொடி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. அந்த நொடியில், கூட்டத்தின் நடுவிலிருந்து இன்னொரு ஒலி எழுந்து வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

குலவை. சுத்தமான, ஈரமான, பொங்கல் பானை பொங்கும்போது எழுகிற குலவை. தாயுமானவன் திரும்பினார். காளீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். தோளில் கைப்பை; வலது கை வாயை மறைத்திருந்தது; விரல்களுக்குப் பின்னால் நாக்கு துள்ளியது. பள்ளியில் பிள்ளைகள் பெஞ்சைத் தேய்த்தால்கூடக் காதைப் பொத்துகிறவள். இத்தனை வருஷ வாழ்க்கையில், மகள் பிறந்தபோது, வீடு வாங்கியபோது, எதற்கும் இந்தக் குரலை அவள் வெளியே எடுத்ததில்லை. இது அவளிடம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. இருபுறத்துப் பெண்களும் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். ஆன்ட்டி ஃபர்ஹாவின் மந்தக் காதுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. நாற்காலியோடு திரும்பி, யார் அது என்று தேடி, கண்டுபிடித்து, இவளுக்கென்றே இன்னும் உயரமாக ஒன்று எடுத்துவிட்டார். இவள் விடவில்லை. அதைவிட நீளமாகப் பதில் கொடுத்தாள். தாயுமானவனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தாளம் எங்கேயோ போய்விட்டது.

காளீஸ்வரி மூச்சு வாங்க நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள், அவரும் பார்ப்பதைப் பார்த்தாள்.

“என்னத்தப் பாக்குறீங்க?” என்றாள் தமிழில், முற்றம் முழுக்கக் கேட்கும்படி. “வாசிங்க!”